கம்யூனிகேஷன் சரியில்லை என்றார்கள், நான் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்தேன்

2018 மார்ச் கடைசி வாரம். சோழிங்கநல்லூரில் எங்கள் அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில் ஒரு சின்ன மீட்டிங் ரூம். அப்ரைசல் நேரம், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீடு. மேனேஜர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கோடிங்ல உங்க மேல ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது. புரொடக்‌ஷன்ல என்ன பிரச்சனைன்னாலும் நீங்க உக்காந்தா முடிஞ்சிடுது. கம்யூனிகேஷன் மட்டும் கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணணும். அது வந்துட்டா அடுத்த வருஷம் லீட் ரோலுக்கு நானே உங்க பேரைக் கொடுத்துடறேன்." நான் தலையாட்டினேன். "ஓகே சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மொத்தம் ஏழு நிமிடம் இருக்கும். அந்த அறையில் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்காததால் அடுத்த ஒன்றரை வருடமும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேலும் வீணாய்ப் போயின. இதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டு எங்கோ ஒரு பிஜி ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

நான் சங்கரன்கோவில்காரி. அப்பாவுக்கு வீட்டுக்குப் பின்பக்கக் கொட்டகையில் நான்கு விசைத்தறிகள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழிதான். நான் இன்ஜினியரிங் சேர்ந்த 2010-ல்தான் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. நான் எடுத்த கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அது கிடையாது. முதல் செமஸ்டரில் வகுப்பில் சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரிப்பேன், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. ஜாவா என்ற கணினி மொழி மட்டும் பிடிபட்டது. அதில் யாரிடமும் பேச வேண்டியதில்லை, தப்பென்றால் கம்பைலரே சொல்லிவிடும். 2014-ல் ஆஃப் கேம்பஸில் வேலை கிடைத்தது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கான ப்ராஜெக்ட். பிரீமியம் கட்ட வேண்டிய தேதி, நினைவூட்டுக் கடிதம், பாலிசி காலாவதி எச்சரிக்கை, இந்த மாதிரி இரவில் மொத்தமாகத் தானே ஓடும் பேட்ச் ஜாப்கள்தான் என் பொறுப்பு. மாலை 6:30-க்கு கிளையன்ட் கால். நான்கு வருடமும் அந்தக் காலில் என் மைக் மியூட்டில்தான் இருந்தது. என் வேலையையும் சேர்த்து எங்கள் டீமை நடத்தும் லீடே சொல்லிவிடுவார். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அதனால் மேனேஜர் "கம்யூனிகேஷன்" என்றதும் என் காதில் "இங்கிலீஷ்" என்றுதான் விழுந்தது. தமிழ் மீடியத்திலிருந்து வந்த யாருக்கும் அப்படித்தான் விழும். நமக்கு அங்கேதான் ஏற்கனவே புண் இருக்கிறது, யார் எதைத் தொட்டாலும் அதைத் தொட்டது போலவே இருக்கும். மறுவாரமே வேளச்சேரியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் 14,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். சனி, ஞாயிறு காலை மூன்று மணி நேரம். அது முடிந்ததும் ஆன்லைனில் ஒரு தனி டிரெய்னர், மாதம் 2,500 வீதம் எட்டு மாதம். நடுவில் யாரோ சொன்னார்கள் என்று வாய்ஸ் அண்ட் ஆக்சென்ட் பயிற்சி ஒன்று, 18,000. மொத்தம் 52,500. அப்போது என் சம்பளம் வருடத்துக்கு 4.8 லட்சம். ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைத்துக்கொண்டேன். ஏன் குறைந்தது என்று அப்பா கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வகுப்புகளை நான் குறை சொல்லவில்லை. என் இங்கிலீஷ் உண்மையிலேயே தேறியது. என்னைப் பற்றி இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேசுவேன். "உங்களுக்குப் பிடித்த சுற்றுலாத் தலம்" என்று தலைப்புக் கொடுத்தால் பேசுவேன். ஆனால் வேலையில் எனக்குத் தேவைப்பட்ட எதையும் அங்கே யாரும் கற்றுத்தரவில்லை. தேதி தள்ளிப்போகும் என்பதை எப்படிச் சொல்வது, எதிராளி பேசிக்கொண்டே போனால் எங்கே குறுக்கிடுவது, சிக்கலான ஒரு கோளாறை ஜாவா தெரியாத மேலாளருக்கு நான்கு வரியில் எப்படிப் புரியவைப்பது, இதெல்லாம் அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. 2019 மார்ச்சில் அடுத்த அப்ரைசல் வந்தது. அதே அறை. அதே வாக்கியம், ஒரு எழுத்துகூட மாறாமல். எனக்கு 5 சதவீத உயர்வு. என்னோடு சேர்ந்தவர்களுக்கு 12. ஓய்வறையில் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அன்றைய பேட்ச் ஜாப் தோல்வியைச் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆத்திரத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. இவ்வளவு செலவழித்தும் வரவில்லை என்றால் இது நமக்கு வரவே வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு மூன்று மாதம் கழித்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிளையன்ட் பக்கம் பிரீமியம் தேதிகளை அனுப்பும் கோப்பின் வடிவம் மாறியது. முன்பு வருடம், மாதம், நாள் என்று வந்துகொண்டிருந்தது. புதிய கோப்பில் அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில், நாள் இரண்டாவது. எங்கள் பக்கம் அதைப் படிக்கும் நிரலை எழுதிய டீம், நம் ஊர் வழக்கப்படி நாள் முதலில் என்று எடுத்துக்கொண்டது. கொடுத்திருந்த மாதிரிக் கோப்பில் பத்தே வரி, பத்திலும் நாள் 12-க்குள்தான் இருந்தது. அதனால் யாருக்கும் தெரியவில்லை. புதன்கிழமை டெஸ்ட் டேட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பாலிசியின் அடுத்த பிரீமியம் 2021 ஜனவரி 7 என்று இருந்தது. மாதாமாதம் கட்டும் பாலிசிக்கு ஒன்றரை வருடம் கழித்து ஏன் தேதி வருகிறது? கோப்பைத் திறந்தேன். 07/25/2019. ஜூலை 25. ஜாவாவில் தேதியைப் படிக்கும் பழைய கருவியான சிம்பிள்டேட்ஃபார்மட் 25-ஆவது மாதம் என்று கொடுத்தாலும் பிழை காட்டாது, கண்டிப்பாகப் பார் என்று நாம் தனியாகச் சொல்லியிருந்தால்தான் காட்டும். இல்லாவிட்டால் 24 மாதத்தை இரண்டு வருடமாகக் கணக்குப் போட்டுத் தள்ளிவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றை ஜனவரி என்று வைத்துக்கொள்ளும். அப்படியென்றால் நாள் 12-க்குள் இருக்கும் தேதிகள் என்ன ஆகும்? ஜூலை 5 என்பது மே 7 ஆகிவிடும். மே 7-க்குக் கட்டவில்லை, சலுகைக் காலமும் முடிந்துவிட்டது என்று கணினி நினைக்கும். ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும் ஆட்களுக்குக் காலாவதி எச்சரிக்கை போகும்.

இவ்வளவும் எனக்குப் புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கே தெரியும். அன்றைக்கே மெயில் போட்டேன். பதினாறு வரி. ஸ்போக்கன் கிளாஸ் புண்ணியத்தில் ஒரு இலக்கணப் பிழைகூட இல்லை. முதலில் வணக்கம், பிறகு நான் எந்த மாட்யூல் பார்க்கிறேன், எந்தச் சூழலில் டெஸ்ட் செய்தேன், பழைய கோப்பு எப்படி இருந்தது, புதிய கோப்பில் என்ன பத்திகள் வந்திருக்கின்றன, சிம்பிள்டேட்ஃபார்மட் எப்படி வேலை செய்கிறது. பதினாலாவது வரியில், சில கடிதங்கள் தவறாகப் போக வாய்ப்பிருக்கிறது என்று எழுதியிருந்தேன். கடைசியில் "பார்த்து ஆவன செய்யவும்". யார் பார்க்க வேண்டும், எதற்குள் பார்க்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. தலைப்பு "கோப்பு வடிவம் தொடர்பாக".

வியாழக்கிழமை கால். "வெள்ளிக்கிழமை ரிலீஸுக்கு எல்லாம் தயாரா?" என்று கிளையன்ட் மேனேஜர் கேட்டார். புதிய நிரல் நடைமுறைக்குப் போவதுதான் ரிலீஸ். எங்கள் லீட் தயார் என்றார். நான் வாழ்க்கையில் முதல்முறையாக மைக்கைத் திறந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. தேதியில் ஒரு "ஸ்மால் டவுட்" இருக்கிறது என்று சொன்னேன். அந்த இரண்டு வார்த்தையும் எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. நாம் "டவுட்" என்று சொல்வது கேள்வியை. வகுப்பில் கையைத் தூக்கி "சார், ஒரு டவுட்" என்போமே, அது. அவர்கள் காதில் அது "எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை" என்கிற மாதிரி ஏதோ ஒரு மங்கலான உணர்வாகத்தான் விழும். அதிலும் "ஸ்மால்" என்று நானே சேர்த்துவிட்டேன். மரியாதைக்காகச் சேர்த்தது. பெரிய மனிதர்கள் பேசும்போது நடுவில் புகுகிறோமே என்று என் விஷயத்தை நானே சிறியதாக்கிவிட்டேன். "சரி, அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்" என்று லீட் சொன்னார், கால் அடுத்த விஷயத்துக்குப் போனது. தனியாக யாரும் பேசவில்லை. அன்று இரவு அவருக்கு வேறொரு தலைவலி. நானும், சொல்லியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, ஜூன் 14, ரிலீஸ் போனது. சனிக்கிழமை காலை ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேருக்கு "உங்கள் பாலிசி காலாவதியாகப் போகிறது" என்று கடிதம் அச்சாகிவிட்டது. ஒரு பகுதியைத் தபாலுக்குப் போகும் முன் நிறுத்தினோம், மீதி போய்விட்டது. நானும் இன்னும் நான்கு பேரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலுவலகத்திலேயே இருந்தோம். யாரோ ஒரு வயதான அம்மா அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துப் பதறியிருப்பாள் என்பதுதான் எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை மூல காரணம் பேசும் கால். இது முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டார்கள். நான் மெயில் போட்டேன் என்றேன். கிளையன்ட் மேனேஜர் அந்த மெயிலைத் திரையில் திறந்தார், மெதுவாகக் கீழே இறக்கினார். "இருக்கிறது. பதினாலாவது வரியில். இது ஏன் முதல் வரியில் இல்லை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

நாசா 1998-ல் செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் பற்றி அதன் பிறகு படித்தேன். ஒரு குழு விசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது, இன்னொரு குழு அது நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. 1999 செப்டம்பரில் விண்கலம் போயே போய்விட்டது. அலகு மாறியதுதான் மூல காரணம். ஆனால் விசாரணைக் குழு, குழுக்களுக்கு இடையே தகவல் சரியாகப் போய்ச் சேராததையும் துணைக் காரணங்களில் ஒன்றாக எழுதியது. அதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. எங்களுடையதும் அதே ஜாதிக் கோளாறு. ஒருவர் ஒன்றைக் கொடுக்கிறார், இன்னொருவர் வேறொன்று என்று வாங்கிக்கொள்கிறார், நடுவில் பார்த்த ஆளின் குரல் பதினாலாவது வரியில் கிடக்கிறது.

டெஸ்டிங் டீமில் நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு அக்கா இருந்தார். கேண்டீனில் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். இரண்டு வருடக் கதையையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கம்யூனிகேஷன்னா என்னன்னு அவர்ட்ட கேட்டியா மோளே?" கேட்கவில்லை என்றேன். "எந்த மீட்டிங்கு, எந்த மெயிலு, எந்தத் தேதின்னு கேளு. ஒரு மூணு உதாரணம் சொல்லச் சொல்லு. சொல்லத் தெரியலேன்னா அது உன் பிரச்சனை இல்ல." இரண்டு வாரம் தைரியம் சேர்த்துக்கொண்டு மேனேஜரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்றைச் சொன்னார். ஒன்று, எதைக் கொடுத்தாலும் ஓகே என்கிறீர்கள், முடியாது என்பது கடைசி நாள்தான் எனக்குத் தெரிகிறது. இரண்டு, உங்கள் மெயிலை மூன்று முறை படித்தால்தான் நான் என்ன செய்ய வேண்டும் என்று புரிகிறது. மூன்று, லீட் லீவு போட்டால் உங்கள் மாட்யூலைப் பற்றிப் பேச ஆள் இல்லை. "அப்ப இங்கிலீஷ்?" என்று கேட்டேன். "இங்கிலீஷ் பத்தி நான் சொல்லவே இல்லையே" என்றார்.

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. ஒன்றரை வருடமாக வார இறுதிகளைத் தின்ற ஒரு வார்த்தைக்குள் இருந்தது இந்த மூன்று வாக்கியம்தானா? இதை 2018-லேயே சொல்லியிருக்கலாமே. சொல்வது அவருடைய வேலை. கம்யூனிகேஷன் சரியில்லை என்று எழுதுகிறவர் அதையே விளங்கும்படி சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும், அன்று அந்த அறையில் "ஓகே சார்" என்று எழுந்து வந்தது நான்தான். ஆகவே அப்ரைசலில் உங்களுக்கு இந்த வார்த்தை வந்தால் அறையை விட்டு வெளியே வரும் முன் உதாரணம் கேளுங்கள். அங்கேயே கேட்க முடியவில்லையா, அன்று மாலையே ஒரு மெயிலில் கேளுங்கள். பணம் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பதில் உண்மையிலேயே உச்சரிப்பு அல்லது இலக்கணம் என்றால் வகுப்புக்குப் போகலாம், தப்பில்லை. பதிலே வரவில்லை என்றால் வேறு டீமோ வேறு வேலையோ தேடும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதன் பிறகு நான் மாற்றிக்கொண்டவை பெரிய வித்தை எதுவும் இல்லை. மெயிலில் முதல் இரண்டு வரிக்குள் மூன்று விஷயம் வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். என்ன நடக்கப்போகிறது, யார் என்ன முடிவு எடுக்க வேண்டும், எப்போதைக்குள். அந்தப் பதினாறு வரி மெயிலை இன்றைக்கு எழுதுவதாக இருந்தால் தலைப்பிலேயே "வெள்ளி ரிலீஸை நிறுத்தக் கோரிக்கை: தவறான காலாவதிக் கடிதங்கள் போகும்" என்று வைப்பேன். முதல் வரி, "ஜூலை 1 முதல் 5 வரை பிரீமியம் உள்ள எல்லோருக்கும் சனிக்கிழமை தவறாக எச்சரிக்கைக் கடிதம் போகும், ரிலீஸைத் தள்ளலாமா என்று வியாழன் மாலை 6:30-க்குள் முடிவு வேண்டும்." இரண்டாவது வரியில் முடிவு எடுக்க வேண்டியவரின் பெயர். அதற்குக் கீழே ஒரே ஒரு உதாரணப் பதிவு. மற்றதெல்லாம் அதற்கும் கீழே, வேண்டியவர் படித்துக்கொள்ளட்டும். நாம் வளர்ந்த விதத்தில் ஒரு விஷயத்துக்கு வரும் முன் நலம் விசாரித்து, காரணம் சொல்லி, பக்குவப்படுத்தித்தான் வருவோம். துக்கச் செய்தியைக்கூட "கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சொல்வோம். அதில் ஒரு அழகு இருக்கிறது. ஒரு நாளைக்கு இருநூறு மெயில் பார்க்கிறவரிடம் மட்டும் அது எடுபடாது.

அடுத்தது "ஓகே". நாம் சொல்லும் "சரி"க்குள் பல அர்த்தம் உண்டு. கேட்டுக்கொண்டேன் என்பதும் சரிதான், செய்துவிடுகிறேன் என்பதும் சரிதான், எனக்குப் பிடிக்கவில்லை ஆனாலும் என்ன செய்ய என்பதும் சரிதான். எதிரில் இருப்பவர் நம் முகத்தைப் பார்த்து எந்தச் சரி என்று தெரிந்துகொள்வார். போனில் முகம் இல்லை. அதனால் ஓகே என்பதோடு நிறுத்தாமல், நான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன். "அப்படியென்றால் நான் இதைச் செய்கிறேன், இந்த நாளில் கொடுக்கிறேன், இது மட்டும் இதில் சேராது." பாதி நேரம் அவர் "இல்லை இல்லை, நான் கேட்டது வேறு" என்பார். அந்த ஒரு வாக்கியம் எத்தனை நாள் வேலையை மிச்சப்படுத்தும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். நேரம் சொல்லும்போது இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள். "இன்றைக்குள்" என்றால் யாருடைய இன்று? அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், கிழக்குக் கரைக்காரர்களின் காலை ஒன்பது மணிக் கால் நமக்கு மாலை 7:30-லிருந்து 6:30-க்கு வந்துவிடும். அந்த வாரம் யாராவது ஒருவர் தவறவிடுவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

பேசுவதற்கு எனக்கு உதவியது ஒரு துண்டுக் காகிதம். காலுக்கு முன் மூன்று வரி எழுதிக்கொள்வேன்: முடிந்தது, மாட்டிக்கொண்டிருப்பது, எனக்கு வேண்டியது. முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன், வெறும் காலை வணக்கமாக இருந்தாலும் சரி. முதல் வாய் திறந்துவிட்டால் அடுத்தது எளிதாகிவிடும். நேரம் ஆக ஆகத்தான் பயம் கூடும். புரியவில்லை என்றால் "இதைச் சாட்டில் ஒரு வரி போட முடியுமா" என்று கேட்பேன். கேவலமாக நினைப்பார்களோ என்று வருடக்கணக்காகப் பயந்தேன். ஒருவர்கூட அப்படி நினைக்கவில்லை, உடனே போட்டார்கள். கால் முடிந்த பத்து நிமிடத்துக்குள் பேசியதை ஐந்து வரியில் எழுதி எல்லோருக்கும் அனுப்புவேன். இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. இரண்டே மாதத்தில் கிளையன்ட் ஆட்கள் லீடுக்குப் பதிலாக எனக்கு நேராகப் பதில் எழுத ஆரம்பித்தார்கள். பேசத் தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், காலின் குறிப்பை எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. ஊருக்கு வந்துவிட்டேன். மே கடைசியில் தறி மறுபடி ஓடத் தொடங்கியதும் புதுப் பிரச்சனை. நான்கு விசைத்தறி ஓடும் வீட்டில் போன் பேச முடியாது. கதவை மூடி, ஜன்னல் இடுக்கில் போர்வையைத் திணித்தாலும் தட் தட் என்று அந்தப் பக்கம் கேட்கும். மைக்கைத் திறந்தாலே "என்ன சத்தம்?" என்பார்கள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். டிசைன் முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி, கால் தொடங்கும் முன்பே அனுப்பிவிடுவேன். நிரலை மாற்றினால் என்ன மாற்றினேன் என்பதோடு ஏன் மாற்றினேன் என்றும், மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டில் நான்கு வரி. மாற்றத்தைப் பதிவு செய்யும் கிட் கமிட்டின் முதல் வரி ஐம்பது எழுத்துக்குள், காரணம் அதன் கீழே. எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த நேரத்தில், கேட்காமலேயே எழுத்தில் கிடைத்த விவரம் டீமுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒருநாள் சாயங்காலம் அப்பா தறியை நிறுத்திவிட்டு அறுந்த பாவு நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் நின்றதால் நான் வெளியே வந்தேன். ஒரு இழைதானே என்றேன். "ஒரு இழைதான்மா. இப்ப நிப்பாட்டுனா ரெண்டு நிமிசம். கவனிக்காம ஓட விட்டா சேலை முழுக்கக் கோடு விழுந்துரும், மொதலாளி கூலியில பிடிச்சிருவாரு" என்றார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த வேலை அது. இழை அறுந்தால் தறியை நிறுத்தலாம் என்று தெரிந்த வீட்டில் வளர்ந்த நான், அந்த வியாழக்கிழமை ஏன் ஸ்மால் டவுட் என்று சொன்னேன் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருட அப்ரைசலில் கம்யூனிகேஷன் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. 2021-ல் வேலை மாறினேன். நேர்காணலில் நீங்கள் சந்தித்த ஒரு பெரிய கோளாறைச் சொல்லுங்கள் என்றார்கள். தேதிக் கதையைச் சொன்னேன், என் மெயிலையும் சேர்த்து. முதலில் பாதிப்பு, பிறகு காரணம், பிறகு நான் செய்யத் தவறியது, அதன்பின் மாற்றியது என்ற வரிசையில். என் இங்கிலீஷில் சங்கரன்கோவில் வாடை அப்படியேதான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்தக் கதையைப் பற்றி மட்டுமே அவர்கள் இருபது நிமிடம் கேட்டார்கள். சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பானது.

இங்கிலீஷால் யாரும் ஒதுக்கப்படுவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒதுக்கப்படுகிறார்கள். வேலை தெரியாமல் சரளமாகப் பேசுகிறவர் முன்னால் போவதையும், வேலை முழுவதையும் தலையில் சுமப்பவர் உச்சரிப்புக்காகக் கிளையன்ட் கால்களுக்கே அழைக்கப்படாமல் போவதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேம்பஸ் குரூப் டிஸ்கஷனில் வடிகட்டப்படும் தமிழ் மீடியம் பிள்ளைகளைப் பற்றி யோசித்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அது அநியாயம், அதற்கு நிறுவனங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அநியாயம் இருப்பதாலேயே, நம்மேல் சொல்லப்படும் ஒவ்வொரு குறையையும் அதே கணக்கில் போட்டுவிடும் பழக்கம் நமக்கு வந்துவிடுகிறது. எனக்கு வந்திருந்தது. நான் சரிசெய்திருக்கக்கூடியதைக்கூட அது மறைத்துவிட்டது.

இப்போது நானே ஏழு பேருக்கு லீட். அப்ரைசல் படிவத்தில் கம்யூனிகேஷன் என்ற சொல்லைத் தனியாக எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். தேதி, மெயில், கால், அதில் எந்த இடம் என்று காட்டினால் மட்டுமே எழுதுவேன். போன மாதம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவனிடம் அவன் அனுப்பிய மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினேன். சர்வரில் இடம் இரண்டே நாளில் தீர்ந்துவிடும் என்பதை ஒன்பதாவது வரியில் எழுதியிருந்தான். நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப இங்கிலீஷ் கிளாஸ் வேணாமாக்கா? பழைய டீம்ல சொன்னாங்கன்னு ஆறாயிரம் கட்டிட்டேன். இன்னும் ரெண்டு தவணை இருக்கு." ரசீதை எடுத்து வா, மீதியை நிறுத்த வழி இருக்கிறதா பார்க்கலாம் என்றேன். பிறகு லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி, அந்த ஒன்பதாவது வரியை வெட்டி மேலே ஒட்டச் சொன்னேன்.